கண்ணாடி மாதிரி வயிறு

செண்பகவல்லியின் நரம்புகளை அவள் உடம்பே தின்றுகொண்டிருந்தது. காலில் தொடங்கியது இப்போது கைவிரல்களுக்கு வந்துவிட்டது. குடலில் நல்ல கிருமிகள் குறைந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம், நோயில்லாத ஒருவரின் மலத்திலிருந்து அவற்றை எடுத்து உள்ளே விட்டுப் பார்க்கலாம் என்றார் டாக்டர். சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். ரத்தம் கேள், தருகிறோம் என்றார்கள். தம்பி திருமேனி மட்டும் கடைசியில் சம்மதித்தான்.

குறித்த நாளில் தலைக்குக் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தான். டாக்டர் மலம் எடுப்பதற்கான டப்பாவை நீட்டியபடி, "சமீபத்துல மாத்திரை ஏதும் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் கரெக்டா போட்டாச்சு சார்," என்றான் பெருமையாக. "அக்காவுக்குள்ள போறதாச்சே, அசிங்கமாவா குடுக்க முடியும்? மெடிக்கல்ல சொல்லி, கிருமியெல்லாம் சாவுற மாத்திரை வாங்கி ஒரு வாரமா போட்டிருக்கேன். வயிறு இப்ப கண்ணாடி மாதிரி இருக்கு."

டாக்டர் டப்பாவை மேசைக்குள் வைத்து மூடினார். "இனி மூணு மாசம் கழிச்சுத்தான் பாக்கணும்."

"மூணு மாசமும் விடாமப் போடணுமா சார்?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த செண்பகவல்லிக்கு அவனை ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கையைத் தூக்கினாள். அது பாதி தூரம் எழுந்து, நடுங்கி நின்றது. திருமேனிக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதுக்குப் போய் ஆசீர்வாதமெல்லாம் என்னத்துக்குக்கா" என்று, அந்தக் கைக்குக் கீழே தலையைக் குனிந்து கொடுத்தான்.