ஆறு வாரம் கழித்து நூல் பார்க்க

"ஆறு வாரம் கழிச்சு வந்து நூல் இருக்கான்னு பாத்துக்கோங்க" என்று போகிற போக்கில் சொன்னார் சிஸ்டர்.

வயர்க்கூடையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்த மாயம்மாளின் கை நின்றது.

"என்ன நூலு?"

"காப்பர்-டி நூலும்மா. அடுத்த புள்ள தங்காம இருக்க, பிரசவம் ஆன கையோட உங்க மருமகளுக்கு வச்சாச்சுல்ல."

குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த தமிழ்மதி நிமிர்ந்தாள். அவளுக்கும் அது புதுச் செய்திதான்.

நஞ்சுக்கொடி விழுந்த பிறகு சில்லென்று ஏதோ உள்ளே போனது நினைவுக்கு வந்தது. என்ன செய்கிறீர்கள் என்று கேட்டிருந்தாள். ஒன்றுமில்லை, அசையாமல் படு என்றார்கள்.

அசையாமல்தான் படுத்திருந்தாள்.

"யாரக் கேட்டு வச்சீக?" மாயம்மாளின் குரல் வார்டின் கடைசிக் கட்டில்வரை போனது. "பெரியவ ஒருத்தி வெளிய குத்தவச்சு உக்காந்திருந்தேனே, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா? அது மேல ஏறி நெஞ்சுல போய்க் குத்துமாம்ல."

"அதெல்லாம் ஏறாதும்மா. ரெண்டு புள்ளையாச்சுன்னா எல்லாருக்கும் வைக்கிறதுதான்."

"ரெண்டும் பொட்டப்புள்ள. ஆம்பளப் புள்ளைக்கு நீயா வழி சொல்லுவ?"

பக்கத்துக் கட்டில் பெண் தன் வயிற்றின் மேல் மெல்லக் கையை வைத்தாள்.

"சிஸ்டர், எனக்கும் வச்சிருக்கா?"

சிஸ்டர் அவள் பக்கம் திரும்பவில்லை.

அதற்குள் சோலைமுத்து வந்துவிட்டான். தக்காளிப் பெட்டிகளைச் சந்தையில் இறக்கிவிட்டு, மனைவியையும் குழந்தையையும் செம்பட்டி வீட்டுக்கு அழைத்துப் போக நேராக வந்திருந்தான். அம்மா சொல்லி முடிப்பதற்குள் அவன் முகம் சிவந்தது.

"நான் புருஷன். என்கிட்டக் கேட்டீங்களா?"

தமிழ்மதிக்குக் காதுமடல் சுட்டது. குழந்தை மார்பை விட்டுவிட்டு அழுதது. அதைத் தோளில் சாய்த்துத் தட்டினாள். தலை குனிந்தே இருந்தது.

"அழாத புள்ள. இப்பவே எடுக்கச் சொல்றேன்" என்றான் அவன்.

அவள் அழவில்லை. அதைக்கூட அவன் சரியாகப் பார்க்கவில்லை.

"சரிங்க சார். எடுத்துரலாமா?" சிஸ்டர் அலுப்போடு பச்சைத் திரையை இழுத்தார்.

"தொடாதீங்க" என்றாள் தமிழ்மதி.

திரை பாதியில் நின்றது.

"பயப்படாத மதி, வலிக்காதாம்" என்றாள் மாயம்மாள், சட்டென்று இளகிய குரலில்.

"பயமில்ல அத்த. அது இருக்கட்டும்."

பால் கொடுக்கிறவரை மறுபடி கரு நிற்காது என்று இதே அத்தைதான் மூத்தவள் பிறந்தபோது சொன்னாள். தமிழ்மதி நம்பினாள். மூத்தவள் தவழத் தொடங்குவதற்கு முன்பே இந்தச் சின்னவள் வயிற்றில் தங்கிவிட்டாள். பாதியில் நின்ற கல்லூரிப் படிப்பு நின்றபடியே இருந்தது.

இந்த முறை அவள் யாரையும் நம்பவில்லை. ஏழாம் மாதம் செக்கப்புக்குப் போனபோது, மற்ற பெண்கள் சிரித்துக்கொண்டிருக்க, நர்ஸ் மேஜையில் இருந்த காப்பர்-டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நெஞ்சுக்கு ஏறுமா என்று கேட்டாள். பால் வற்றுமா என்று கேட்டாள். வேண்டும்போது எடுத்துவிடலாமா என்றும் கேட்டாள். பிரசவத்தன்று உன்னிடம் கேட்பார்கள், அப்போது சொல் என்றார் அந்த நர்ஸ்.

சொல்வதற்குத் தயாராக இருந்தாள். பாத்திரம் விளக்கும்போதும் பூப்பறிக்கும்போதும் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். புடவையிலிருந்து மாப்பிள்ளைவரை எல்லாவற்றுக்கும் அவளுக்குப் பதிலாகச் சொல்ல ஆட்கள் இருந்தார்கள். இது ஒன்றுக்கு அவளே சொல்வதாக இருந்தாள்.

பிரசவ அறையில் ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவே, யாராவது கேட்பார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

'வைங்க' என்ற சொல் இன்னும் தொண்டையிலேயே இருந்தது.

"இருக்கட்டும்னா சொல்ற?" சோலைமுத்துவுக்குப் புரியவில்லை. "அப்ப அவங்க செஞ்சது சரிங்குறியா?"

"சரியில்ல." குழந்தையை மடியில் கிடத்தினாள். "சிஸ்டர், இப்பக் கேளுங்க."

"என்னம்மா கேக்கணும்?"

"அன்னைக்குக் கேக்காததை."

பக்கத்துக் கட்டில் பெண் எழுந்து உட்கார்ந்திருந்தாள். சிஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். கேட்பதற்கு வாயைத் திறந்தபோது, அவர் கண்கள் பழக்கத்தில் சோலைமுத்துவின் பக்கம் போயின.

"அங்க இல்ல" என்றாள் தமிழ்மதி. "என்னைப் பாத்துக் கேளுங்க."