முதலில் சொன்னவன்

கார் கிடைத்துவிட்டது. தகரக் கொட்டகை வரிசைக்குப் பின்னால், தலையில் பனியோடு சமர்த்தாக நின்றுகொண்டிருந்தது.

கண்டுபிடித்தவன் ஒராஸ்பெக். புறநகர்க் காவல் நிலையத்துக்காரன். காலையிலிருந்து முழங்கால் பனியில் கொட்டகை கொட்டகையாக நுழைந்து தேடியவனும் அவன்தான்.

ஆனால் போனில் உத்தரவு போட்டது குவானிஷ்.

குவானிஷ் நகரத்துப் போலீஸ், வயதில் சின்னவன். நகரத்தில் திருடுகிற கார்களை ஒராஸ்பெக்கின் எல்லையில் கொண்டுவந்து ஒளிக்கிறார்கள் என்று, இரண்டு நிலையமும் சேர்ந்து வேலை பார்க்கும்படி மேலிடம் சொல்லிவிட்டது. அன்றைக்குப் பிடித்தது ஒராஸ்பெக்குக்குச் சனி.

"அண்ணே, காரைத் தொடாதீங்க, மறைஞ்சு நில்லுங்க. சூடு ஆறட்டும்னு திருடன் போட்டு வெச்சிருக்கான், எடுக்க வருவான். கார்ல கை வெச்சதும் அமுக்கிடலாம். நாங்க ரோட்டுப் பக்கம் நிக்கிறோம். ஒண்ணு மட்டும், கார்க்காரருக்கு இப்பச் சொல்லிடாதீங்க. காரணத்தை நேர்ல சொல்றேன்."

காரணமாம், காரணம்! ஒராஸ்பெக்குக்குத் தெரியாதா அந்தக் காரணம்?

அந்த ஊர் வழக்கப்படி, தொலைந்தது கிடைத்தால், முதலில் போய் "சுயின்ஷி!" என்று நல்ல சேதி கூவுகிறவனுக்குத்தான் பரிசு. கேட்டவர் மனம் குளிர்ந்து எதையாவது கொடுத்தே ஆகவேண்டும். கண்டுபிடித்தவனை யார் கேட்கிறார்கள்?

போன மாதம் சிவப்புக் காரை மோப்பம் பிடித்தது ஒராஸ்பெக். சுயின்ஷி சொன்னது குவானிஷ். கொழுத்த ஆட்டுக்கிடா குவானிஷ் வீட்டுக்குப் போயிற்று.

அதற்கு முன்னால் ஒரு வேன். சரிகை வேலை செய்த ஷபான் அங்கி குவானிஷின் தோளில் ஏறியது. அந்தப் படத்தை ஒராஸ்பெக்கின் மனைவியே போனில் காட்டி, "எவ்வளவு எடுப்பா இருக்காரு பாருங்க" என்றாள். பாவி, பெரிதாக்கி வேறு காட்டினாள்.

அன்றைக்குப் பற்றிய வயிற்றெரிச்சல் இன்னும் அணையவில்லை.

இந்தக் காரின் சொந்தக்காரர் துர்சின் பெரியவர். மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அவருக்கு இருந்தது இது ஒன்றுதான். இதையும் அந்தப் பயலுக்கு விட்டுக்கொடுப்பதா? திருடன் வரும்போது வரட்டும். ஒரு வார்த்தை சொன்னால் என்ன குடிமுழுகிப் போகிறது?

ஒராஸ்பெக் கையுறையைப் பல்லால் கழற்றினான். போனை எடுத்தான்.

"பெரியவரே, சுயின்ஷி!"

அந்தப் பக்கம் கிழவர் குழந்தையைப்போல அழுதார். எங்கே, எங்கே என்று கேட்டார். ஒராஸ்பெக்குக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கொட்டகை வரிசை வரைக்கும் விலாவாரியாகச் சொன்னான்.

"அடியே, கார் கிடைச்சுடுச்சுடி!" என்று கிழவர் வீடு அதிரக் கத்தினார். "மாப்பிள்ளைக்குப் போன் போடு. தல்கத்துதான் பாவம் சோறு தண்ணி இல்லாம தேடி அலையிறான்!"

ஒராஸ்பெக் கொட்டகைச் சுவரில் சாய்ந்துகொண்டு காத்திருந்தான். கால் விறைத்தது. உள்ளே மட்டும் இதமாக இருந்தது. அப்பாடா, ஒரு தடவையாவது முந்திக்கொண்டோம்.

திருடன் வரவில்லை.

வெகுநேரம் கழித்து ரோட்டுப் பக்கமிருந்து குவானிஷ்தான் நடந்து வந்தான். முகம் செத்திருந்தது. பக்கத்தில் வந்து நின்றான். பொறாமையில் வெந்து சாகட்டும் என்று ஒராஸ்பெக் மனதுக்குள் சிரித்தான்.

பின்னாலேயே ஒரு டாக்ஸி வந்தது. மாப்பிள்ளை தல்கத் இறங்கி ஓடிவந்தான். கையில் நீல வெல்வெட்டில் சரிகை மின்னும் ஷபான்.

"மாமா கொடுத்தனுப்பினாரு! நீங்க தெய்வம்ணே!"

தல்கத் அங்கியை ஒராஸ்பெக்கின் தோளில் தன் கையாலேயே போர்த்தினான். இறுகக் கட்டிப்பிடித்தான். இரண்டு கன்னத்திலும் தட்டிக்கொடுத்துவிட்டு, படமெடுக்கப் போனைத் தேடியபடி காரின் பக்கம் போனான்.

குவானிஷ் ஒராஸ்பெக்கின் காதருகே குனிந்தான்.

"பூட்டு உடையாத காரு. வீட்டாளு வேலைன்னு எனக்குச் சந்தேகம், அதான் சொல்லாதீங்கன்னேன். குளிர்காலம் பூரா போன காருக்கெல்லாம் இவன்தாண்ணே ஆளு. முதல்ல தனியாத்தான் வந்தான். சந்துக்குள்ள திரும்பிட்டான், இன்னும் பத்தடி. போன் அடிச்சுது. பேசிட்டு, அப்படியே திரும்பிப் போயிட்டான். இனி கார்ல கை வெச்சாலும் பிடிக்க முடியாது."

ஒராஸ்பெக் தோளிலிருந்த அங்கியைக் குனிந்து பார்த்தான்.

தல்கத் மாமனாரின் காரில் உரிமையோடு சாய்ந்து நின்றான். போனை உயர்த்திப் பிடித்தான்.

"கொஞ்சம் சிரிங்கண்ணே. வீட்ல அண்ணி பாப்பாங்கல்ல?"

ஒராஸ்பெக் சிரித்தான். குவானிஷுக்குக் கிடைத்ததைவிட இந்த ஷபானில் சரிகை அதிகம்தான்.