சரியான உச்சரிப்பு

"ஆக்... சி... டென்ட்," என்றார் முத்துவேல், எல்.கே.ஜி. பிள்ளைக்குச் சொல்லித்தருவதுபோல. "எங்க, சொல்லு."

"ஆச்சிடண்டு," என்றாள் கலா.

மணிகண்டன் செல்போனைத் தாழ்த்தினான். முத்துவேலிடம் டிராக்டர் ஓட்டுகிறவன். இன்றைக்கு வீடியோ எடுக்கிற வேலை அவன் தலையில் விழுந்திருந்தது.

வரப்பை ஒட்டி, ஈரம் காயாத மண்ணில், கலாவின் புருஷன் பொன்னன் கிடந்தான். மேலே ஒரு யூரியா சாக்கைப் போட்டு மூடியிருந்தார்கள். கால்கள் இரண்டும் வெளியே தெரிந்தன.

காட்டுப்பன்றி வராமல் இருக்க முத்துவேல் தன் நெல்லைச் சுற்றிக் கட்டியிருந்த கரண்ட் கம்பியை, ஊர் எழுந்திருப்பதற்குள் சுருட்டி எடுத்துவிட்டார்கள்.

கலா சொல்லவேண்டியது அதிகமில்லை. என் புருஷன் தானாகப் போய் மோட்டார் கொட்டகையில் கை வைத்துவிட்டார், ஆக்சிடென்ட். அவ்வளவுதான். அதை வீடியோவில் சொல்லிவிட்டால் பொன்னன் டிராக்டரில் ஏறிவிடுவான்.

சுடுகாட்டுக்கு விறகு ஏற்கெனவே போய்விட்டது. கலா இருக்கும் இருளர் குடியிருப்பில் செத்தவர்களை மண்ணில்தான் வைப்பார்கள், எரிக்கிற வழக்கமே கிடையாது. அது முத்துவேலுக்கும் தெரியும். ஆனால் மண்ணில் வைத்த உடம்பை நாளைக்கு எவனாவது தோண்டிப் பார்க்கலாம். கம்பி சுட்ட கை அப்படியே இருக்கும்.

"இன்னொருவாட்டி. நிதானமா."

"ஆக்டிசண்டு."

முத்துவேலுக்கு ஒரு வியாதி உண்டு. யார் இங்கிலீஷைத் தப்பாகப் பேசினாலும் சும்மா இருக்கமாட்டார். டீக்கடையில் யாராவது 'ஆஸ்பிட்டலு' என்றால் போதும், குடிக்கிற டீயை வைத்துவிட்டுத் திருத்துவார். உத்திரமேரூரில் ஒரு சலூன் போர்டில் எழுத்துப்பிழையைப் பார்த்து வண்டியை நிறுத்தி, பாதிச் சவரத்தில் இருந்த கடைக்காரனை வெளியே கூப்பிட்டுக் காட்டியவர் அவர்.

இருளர் வாயில் மட்டும் தலைகீழாக நின்றாலும் இங்கிலீஷ் நுழையாது என்பது அவருடைய முடிவு. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

நேற்றுச் சாயங்காலமும் சிரித்தார்.

எலி வளை தோண்ட விடியக்காலையில் வயலுக்கு வரும்படி பொன்னனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கலாவும் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். "கம்பி சுச்சிய மறக்காம அணைச்சிடுங்கய்யா," என்றான் பொன்னன்.

அவ்வளவுதான், முத்துவேல் பிடித்துக்கொண்டார். சுச்சி இல்லையடா, ஸ்விட்ச். எங்கே சொல்லு. பொன்னன் சொன்னான். திரும்பச் சொன்னான். ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வந்தது. வீட்டில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் கேட்கவைத்தார் முத்துவேல். பொன்னனும் அசட்டுச் சிரிப்புச் சிரித்தான், பாவம். கண்ணைத் துடைத்துக்கொண்டே முத்துவேல் உள்ளே போனார்.

வார்த்தையைத் திருத்தினார். ஸ்விட்சை அணைக்கவில்லை.

இப்போது வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சாக்கின்மேல் ஈ மொய்க்க ஆரம்பித்திருந்தது. கலா முந்தானையால் விசிறினாள்.

திரும்பத் திரும்ப அதே இங்கிலீஷ் வார்த்தை. நடந்ததற்குத் தமிழில் பேரே இல்லையா என்ன? இருக்கிறது. அதை யாரும் அவளிடம் கேட்கவில்லை.

"ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த. வாயி இன்னாத்துக்குதான் கீது உனுக்கு?" என்று கத்தினார் முத்துவேல்.

"வரமாட்டேங்குதுய்யா," என்றாள் கலா. "ஆச்சிண்டண்டு."

மணிகண்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பை அடக்கினான். பிணத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சிரிப்பு வருகிறதே என்று அவனுக்கே வெட்கமாக இருந்திருக்கவேண்டும்.

கலா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த குடிசை எல்லம்மாள், ஸ்டேஷனுக்குப் போய்ப் போலீஸைக் கூட்டிவருகிறேன் என்று விடிந்ததும் ஓடினவள்.

ஒருவழியாக பைக் சத்தம் கேட்டது. போலீஸ்காரர் ஒருவர் வந்து இறங்கினார். வெகுதூரம் பின்னால், ஏரிக்கரைமேல், எல்லம்மாள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவருவது தெரிந்தது.

கலாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

போலீஸ்காரர் வரப்பில் செருப்பு வழுக்காமல் பார்த்துப் பார்த்து நடந்துவந்தார். "இன்னாம்மா, ஆக்சிடென்டா?"

"ஆக்சிடென்ட் இல்ல சார்," என்றாள் கலா.

ஓர் எழுத்துப் பிசகவில்லை.

"கரண்ட் கம்பி சார். ஸ்விட்ச் ஆஃப் பண்ணல. சாக்க எடுத்துட்டு அவரு கையப் பாருங்க."

மணிகண்டன் வாயைப் பிளந்தான். அவள் பள்ளிக்கூடம் போனவளா என்று முத்துவேல் ஒருநாளும் கேட்டதில்லை. போலீஸ் வரும்வரை பொன்னனை யாரும் தூக்கிவிடக் கூடாது. அதற்காகத்தான் காலையிலிருந்து அவள் நாக்கைக் கோணலாக்கி வைத்திருந்தாள்.

போலீஸ்காரர் சாக்குப் பக்கம் திரும்பவே இல்லை. முத்துவேலைப் பார்த்தார்.

"இன்னாண்ணா, சொல்லிக்குடுத்துட்டேன்னுதான போன்ல சொன்னீங்க?"