வழிவிடாத மாரிஸ் மைனர்

"அடிச்ச ஹாரன் என்ன, முந்திப் போன வேகம் என்ன! இப்பப் பாரு, முன்னாடி வந்து நத்தையா ஊர்றா!"

பெர்சி ஸ்டியரிங்கில் ஓங்கி ஒரு குத்து விட்டார்.

பக்கத்தில் மனைவி ஹில்டா கண்ணைக்கூடத் திறக்கவில்லை. "விடுங்க பெர்சி. மில்லு நாளைக்குத்தானே திறக்குது."

"அதுக்குள்ள நம்ம ஊரு ஓல்டாம் போய்ச் சேரணுமே! இவ பின்னாடி போனா அடுத்த வருஷ லீவே வந்துடும்."

வருஷத்துக்கு ஒரே ஒரு வாரம்தான் மில்லுக்கு விடுமுறை. அந்த வாரம் முழுக்க வேல்ஸ் கடற்கரையில் விடாத மழை. தங்கின வீட்டுக்காரியோ, காலைச் சாப்பாடு முடிந்ததும் வெளியே அனுப்பினால் சாயங்காலம்தான் கதவைத் திறப்பாள். அதுவரைக்கும் அப்பா, அம்மா, மகள் மூன்று பேரும் தங்கள் சின்ன மாரிஸ் மைனர் காருக்குள்ளேயே உட்கார்ந்து, ஆறிப்போன மீனையும் உருளைக்கிழங்கையும் தின்றபடி கண்ணாடி வழியாகக் கடலைப் பார்த்ததுதான் உல்லாசம்.

இப்போது திரும்பும் வழி. காருக்குள் நனைந்த கோட்டு நாற்றம். பின் சீட்டில் மகள் மாரீனின் இருமல்.

முன்னால் போவதும் ஒரு மாரிஸ் மைனர்தான். இவர்களுடையது பச்சை, அது கறுப்பு. ஓட்டுகிறவள் தொப்பி போட்ட ஒரு பெண். மலை ஏற ஆரம்பிக்கும் இடத்தில், பின்னாலிருந்து ஹாரன் அடித்து அடித்து உயிரை வாங்கினாள். தொலையட்டும் என்று பெர்சி ஒதுங்கிக் கொடுத்தார். முந்திப் போனவள் அப்படியே போயிருக்க வேண்டியதுதானே?

"அப்பா, அந்த அம்மா கையை ஆட்டுறாங்க."

"பாத்தேன், பாத்தேன். மெதுவா வரணுமாம். எனக்கு வண்டி ஓட்டச் சொல்லித் தர்றா மகராசி!"

பெர்சி வலது பக்கம் வெட்டினார். கறுப்பு கார் சட்டென்று நடுரோட்டுக்கு வந்து மறித்துக்கொண்டது.

"பாத்தியா திமிர!"

அடுத்த வளைவு தாண்டியதும் கறுப்பு கார் நின்றேவிட்டது. இதுதான் சமயம் என்று பெர்சி பக்கவாட்டில் நுழைந்தார். உடனே அது உறுமிக்கொண்டு நகர்ந்து மறுபடியும் முன்னால் வந்து அடைத்துக்கொண்டது.

ஹில்டா இப்போது கண்ணைத் திறந்தாள். "அவளுக்கு ஏதாச்சும் உடம்பு சரியில்லையோ?"

"உடம்புக்கு என்ன? கொழுப்பு! நம்மள மாதிரி ஆளுங்க கார் வாங்கினாலே இவளுங்களுக்குப் பொறுக்காது."

"அவளும் இதே கார்தானே வச்சிருக்கா?"

பெர்சி கியரை மாற்றினார்.

உச்சி வந்தது. அங்கே கறுப்பு கார் ரோட்டுக்குக் குறுக்கே நின்றுகொண்டிருந்தது. இந்தப் பக்கம் கல்சுவர், அந்தப் பக்கம் பள்ளம். ஒரு சைக்கிள் நுழையக்கூட இடமில்லை.

பெர்சி கதவை அறைந்து சாத்திவிட்டு இறங்கினார். "ஏய்! ரோடு என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா?"

அந்தப் பெண் இறங்கினாள். நீலக் கோட்டு. ஊர் ஊராகப் போய் வைத்தியம் பார்க்கிற நர்ஸ். கண்ணிரண்டும் சிவந்து உள்ளே போயிருந்தன.

அவள் பதிலுக்குக் கத்தவில்லை. பெர்சியைத் தாண்டி நடந்து, பச்சை காரின் பின்சக்கரத்தருகே குனிந்தாள்.

"இங்க வந்து பாருங்க."

பெர்சி சக்கரத்தின் மூடியைக் கழற்றினார். உள்ளே இரண்டு நட்டு உதிர்ந்து கிடந்தன. மீதி இரண்டும் விரல் பட்டதுமே சுழன்றன.

நேற்று பஞ்சரானபோது அவர்தான் சக்கரம் மாற்றினார். கொட்டும் மழை, மரத்துப்போன கை, குடை பிடிக்கவா என்று கேட்ட ஹில்டாவிடம் எரிச்சல். எல்லாம் இப்போது ஞாபகம் வந்தது.

மகளோடு காரைவிட்டு இறங்கியிருந்த ஹில்டா எதிரே பார்த்தாள். அங்கிருந்து ரோடு செங்குத்தாகக் கீழே இறங்கியது. மகளை இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டாள்.

"உங்களுக்குப் பின்னாடி வந்தப்ப சக்கரம் ஆடிக்கிட்டே போறதப் பாத்தேன்," என்றாள் நர்ஸ். "ஹாரன் அடிச்சேன், நீங்க நிறுத்தல. முன்னாடி வந்து கை காட்டினேன். நடுவுல நின்னும் பாத்தேன், நீங்க தாண்டிப் போகப் பாத்தீங்க. இந்த இறக்கத்துக்கு முன்னாடி எப்படியாச்சும் மறிச்சிடணும்னு ஆயிடுச்சு." சொல்லி முடிப்பதற்குள் கொட்டாவி வந்தது. "மன்னிச்சுக்குங்க. ராத்திரி பூரா ஒரு பிரசவம். இன்னும் படுக்கல."

பெர்சி ஸ்பானரை எடுத்து வந்தார். நாலு நட்டையும் முடுக்கினார். மறுபடியும் முடுக்கினார். ஹில்டா ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுக்க, நர்ஸ் காரில் சாய்ந்தபடியே குடித்தாள்.

"உங்கள என்னென்னவோ பேசிட்டேம்மா," என்றார் பெர்சி, நிமிர்ந்து பார்க்காமல்.

"கேட்டுச்சு. கண்ணாடிய இறக்கித்தான் வச்சிருந்தேன்." லேசாகச் சிரித்தாள்.

"நீங்க முன்னாடி போங்க. எவ்வளவு மெதுவாப் போனாலும் சரி, உங்க வீடு வரைக்கும் பின்னாடியே துணைக்கு வர்றேன்."

நர்ஸ் கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் காரில் ஏறி, வந்த பக்கமே அதைத் திருப்பி நிறுத்தினாள்.

"வேண்டாங்க. மலை ஏறுறதுக்கு முன்னாடியே என் வீடு வந்துடுச்சு."