கடைசிச் சுற்று

"இந்த மனுஷனுக்கு யாரும் காபி கொடுக்காதீங்க!"

டாரியா போட்ட சத்தத்தில், ஐஸில் சறுக்கிக்கொண்டிருந்தவர்கள்கூட நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

எங்கள் ஊர் ஐஸ் சறுக்கு ரிங்க்குக்கு அன்று கடைசி நாள். மறுநாள் ஐஸை உறைய வைக்கும் இயந்திரத்தை நிறுத்திவிடுவார்கள். தானியக் கிடங்கு போனது, ரயில் போனது, பள்ளிக்கூடம் போனது. மிச்சமிருந்தது இந்தப் பழைய தகரக் கொட்டகையும் அதற்குள் இருந்த ஐஸும்தான். இதுவும் போய்விட்டால் சஸ்காட்சுவான் மாகாணக் குளிரில் மனுஷன் முகத்தை மனுஷன் எங்கே போய்ப் பார்ப்பது?

மூடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர் மேயர் ஓரெஸ்ட். அவரே பழைய ஸ்கேட் ஷூவைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு வந்து நின்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

"ஒரே ஒரு சுத்து சுத்திட்டுப் போயிடறேன் டாரியா."

"எதுக்கு? உசுரு போயிடுச்சான்னு பார்க்கவா?"

அவர் தோளில் கிடந்த ஷூவை இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"எங்கப்பா முப்பத்தோரு வருஷம் தண்ணி ஊத்தி ஊத்தி வளர்த்த ஐஸ் மாமா இது! ஒரு ஹாக்கி ஆட்டமாவது நின்னிருக்கா? ஏன் மூடறீங்க, காரணத்தச் சொல்லுங்க."

"ஊர்ல ஆள் ஏதும்மா? யாரு வந்து சறுக்கறாங்க?"

"இதோ நிக்கறாங்களே, இவங்கள்லாம் ஆளாத் தெரியலையா?"

டாரியாவின் அப்பா நெஸ்டர்தான் எங்கள் ஐஸ்காரர்; ரிங்க்கில் ஐஸ் போடுவதும் மிஷினைப் பார்த்துக்கொள்வதும் அவர் வேலை. போன வருஷம் அவர் இறந்ததும் ரிங்க்குக்கே அவர் பெயரை வைத்தோம்.

"எங்கப்பா சவப்பெட்டியத் தூக்கின கைதானே இது? அதே கையால கையெழுத்துப் போட்டீங்களே, வெக்கமா இல்ல?"

நாங்கள் கைதட்டினோம். முதலில் தட்டியது நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஓரெஸ்ட் தலையைக் குனிந்துகொண்டு, ஐஸில் கால் வைக்காமலே வெளியே போனார்.

கொஞ்ச நேரத்தில் இயந்திர அறையிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தான். சாஸ்கட்டூன் நகரத்திலிருந்து வந்தவன், எங்கள் ஊரில் அவனுக்கு யாரையும் தெரியாது. டாரியா ஓடிப்போய் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் பின்னாலேயே போனேன்.

"தம்பி, மிஷின் நல்லா இருந்தா அப்படியே விட்டுட்டுப் போயிடுங்க. நாங்களே ஓட்டிக்கறோம்."

"நல்லாவா? ஏங்க, ஐஸை உறைய வைக்கற அம்மோனியாக் குழாய் மொத்தமும் அரிச்சுக் கிடக்கு, அது விஷ வாயுங்க. நீங்கள்லாம் உசுரோட நிக்கறதே பெரிசு."

"சும்மா சொல்லாதீங்க. கசிஞ்சா அலாரம் அடிச்சிருக்குமே?"

"எங்கேருந்து அடிக்கும்? ஆட்டத்துக்கு நடுவுல கத்தித் தொல்லை பண்ணுதுன்னு பழைய ஐஸ்காரரு ஒயரையே வெட்டி வச்சிட்டாரு. பன்னண்டு வருஷம் ஆகுது. 'தொடாதே, ஆட்டம் நடக்குது'ன்னு டேப்புல எழுதி, தேதி, பேரு எல்லாம் போட்டு ஒட்டியிருக்காரு. அன்னிக்கே கத்த விட்டிருந்தா ஒரு குழாயோட போயிருக்கும். இப்ப ஒண்ணும் பண்ண முடியாது."

டாரியாவின் கை அவன் சட்டையிலிருந்து தானாக விழுந்தது. என் இரண்டு பிள்ளைகளும் அந்தப் பன்னிரண்டு வருஷமும் இங்கேதான் கிடந்தார்கள்.

"அப்ப... மேயர் ஏன் இதை யார்கிட்டயும் சொல்லல?" என்று நான்தான் கேட்டேன்.

"அவரா? அறிக்கையில ஐஸ்காரர் பேரை மட்டும் எழுதாதீங்கன்னு கையெடுத்துக் கும்பிடாத குறை. ஊர் என்னைத் திட்டிட்டுப் போகட்டும்னாரு. ஐஸ்காரரோட பொண்ணு இங்கதான் இருக்காளாம். நானே உளறிட்டேன், நீங்களாவது அந்தப் பொண்ணப் பார்த்தா வாயத் தொறந்துடாதீங்க."