நெஞ்சுப் பட்டை

2022 ஆகஸ்ட் 14 அன்று கோவை–பொள்ளாச்சி சாலையைக் கடக்கும்போது பைக் மோதி அருள்செல்வன் வலது காலை இழந்தான். ஓட்டி வந்த நிகில் அதிவேகத்தில் வந்ததற்குச் சான்றில்லை என்று வழக்கு தள்ளுபடியானது. தீர்ப்பன்று அவன் அருளின் அக்கா தாமரையின் பக்கம் திரும்பவேயில்லை. அதனால், பிறகொரு நாள் அவள் வேலை பார்க்கும் கடைக்கு, பைக் ஓட்டும்போது வீடியோ எடுக்கும் சிறு கேமரா வாங்க வந்தபோது அவனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. “ஹெல்மெட் தாடையில மாட்டிக் குடுங்க,” என்றான். “தாடையில மாட்டுனா ரோடு மட்டுந்தானுங்ணா தெரியும். நெஞ்சுல மாட்டுனா மீட்டரும் விழும். எத்தன வேகம்னு காட்டுனாத்தானுங்க ஆளுங்க பாப்பாங்க,” என்றாள் தாமரை. அவன் சிரித்தான். “வெவரமான புள்ளதான்!” அவள் அவன் நெஞ்சைச் சுற்றிப் பட்டையைப் பூட்டி, அவனைப் பைக்கில் உட்காரவைத்து, கேமராவைச் சற்றே கீழே சாய்த்தாள். கேமராவோடு இணைத்த அவனுடைய போனில் மீட்டரின் எண்கள் தெளிவாகத் தெரிந்தன. “இறுக்கமா இருக்குதுங்களா?” “இன்னுங் கொஞ்சம் இறுக்குங்க.” இறுக்கினாள். ஞாயிறன்று, அதே சாலையில் மீட்டர் நூற்று நாற்பத்தெட்டைத் தொடும் வீடியோவை அவன் தன் பெயரிலேயே வெளியிட்டான். அவன் அதை அழிப்பதற்குள் தாமரை பதிவிறக்கிப் போலீசுக்கு அனுப்பினாள். செவ்வாயன்று பைக்கைப் பறிமுதல் செய்தார்கள்.