சர்வீஸ் முடியாத மிஷின்

எடமலைப்பட்டி புதூர் வீட்டில் ஸ்தனிஸ்லாஸ் தையல் மிஷினை மறுபடியும் கழற்றினார். மனைவி லூர்துராணி தைக்கும் ஒட்டுத்துணிப் போர்வையில் ஒரே ஒரு துண்டுதான் பாக்கி. மகள் லிசி மாலையில் சென்னைக்குக் கிளம்புவதற்குள் தைத்தாக வேண்டும்.

“காலையிலதானே எண்ணெய் போட்டீங்க?” என்றாள் லூர்துராணி.

“அடியில நூல் பிசிறு அடைச்சிருக்கு. ஊசியும் மாத்தணும். தைக்கிறவங்களுக்கு மெயின்டனன்ஸ் முக்கியம், ராணி.”

“நல்லா பண்ணீங்க மெயின்டனன்ஸ்!” அவள் காபி போடப் போனாள்.

லிசி நெகிழ்ந்துபோனாள். “எனக்காக எவ்வளவு மெனக்கெடுறீங்கப்பா! நான் கிளம்புறதுக்குள்ள மிஷின் ரெடியாயிடுமா?”

ஸ்தனிஸ்லாஸ் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“நீ பஸ் ஏறுற வரைக்கும் ஆகாதும்மா. கடைசித் துண்டு வெட்ட உங்கம்மா கேக்கிறது, நான் போட்டிருக்கிற இந்தச் சட்டையை!”